கிராண்ட் ட்ரங்க் ரயில்வே, 1903: ரிவர்ஸ் வில்சன் முன் இருந்த நான்கு வழிகள்

கனடாவின் கிராண்ட் ட்ரங்க் ரயில்வே 1903ல் எடுத்த ஒரு முடிவு, அந்தக் கம்பெனியை இருபது வருடத்துக்குள் இல்லாமல் ஆக்கிவிட்டது. அப்போது அதன் தலைவராக இருந்த சர் சார்லஸ் ரிவர்ஸ் வில்சன் ரயில்வேயில் வளர்ந்தவர் அல்ல. முப்பத்தெட்டு வருடம் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாக இருந்துவிட்டு, அறுபத்து நான்கு வயதில் ரயில்வேக்கு வந்தவர். பசிபிக் கடல் வரை பாதை போடுவதா, போடுவதென்றால் யாருடைய பணத்தில், யாரோடு சேர்ந்து என்பதுதான் கேள்வி. மேசைமீது நான்கு வழிகள் இருந்தன. அவற்றில் மிக மோசமானதை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது என் கருத்து. அது அன்று மிகப் பாதுகாப்பான வழியாகத் தெரிந்ததற்கு வில்சனின் பழைய உத்தியோகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் ஆளைப் பார்த்துவிடலாம்.

1831ல் லண்டனில் பிறந்தார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி, 1856ல் கருவூலத்தில் வேலை. அன்றைய ஆங்கில உயர் அதிகாரிகள் பலரும் போன பாதைதான். நிதியமைச்சர் ராபர்ட் லோவுக்குத் தனிச்செயலராக இருந்தார். 1870களின் நடுவிலிருந்து 1894 வரை தேசியக் கடன் அலுவலகத்தின் தலைவர். நாட்டின் கடனைக் குறைப்பதைக் கவனிப்பது அந்த அலுவலகத்தின் வேலை. 1875ல் எகிப்து மன்னரின் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியதும், கால்வாய்க் கம்பெனியின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்த பிரிட்டிஷ் பிரதிநிதிகளில் வில்சனும் ஒருவர்.

எகிப்துதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய அத்தியாயம். மன்னர் இஸ்மாயில் வாங்கிய கடன் ஒன்பது கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. கடன் கொடுத்த ஐரோப்பியர்களின் நெருக்குதலால் 1878ல் வில்சன் எகிப்தின் நிதியமைச்சரானார். ஓர் ஆங்கில அதிகாரி இன்னொரு நாட்டின் அமைச்சரவையில் உட்காருவது! செலவைக் குறைக்க, ஏறத்தாழ 2,500 ராணுவ அதிகாரிகளை அரைச் சம்பளத்துக்குத் தள்ளினார்கள். 1879 பிப்ரவரியில் அந்த அதிகாரிகள் கெய்ரோ தெருவில் பிரதமர் நூபர் பாஷாவையும் வில்சனையும் வழிமறித்துக் கைவைத்தார்கள். ஏப்ரலில் மன்னர் வில்சனைப் பதவியிலிருந்து நீக்கினார். ஜூனில் மன்னரே நீக்கப்பட்டார். அடுத்த வருடம் வில்சன் திரும்பி வந்து, கடன் தீர்ப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்தார். எகிப்தின் வருமானத்தில் கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு, அரசு நடத்த எவ்வளவு என்று பிரித்து எழுதிய சட்டம் அந்த ஆணையத்தின் வேலை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெய்ரோவிலும் சரி, லண்டனிலும் சரி, அவர் பார்த்ததெல்லாம் கடன்பத்திரம் வைத்திருப்பவர் வட்டியை எப்படிப் பத்திரமாக வாங்குவது என்ற பிரச்சினை. எகிப்தின் அமைச்சராக இருந்தபோதும், கடன் வாங்கியவரின் பக்கம் நின்று அவர் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

ரயில்வேக்கு அவர் வந்த கதையிலும் ஒரு ஒப்பீடு உண்டு. அவருக்கு முன் தலைவராக இருந்த சர் ஹென்றி டைலரும் அரசுச் சேவையிலிருந்து வந்தவர்தான். ராணுவப் பொறியாளர், பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் ரயில்வே ஆய்வாளராக இருபது வருடத்துக்கும் மேல் விபத்துகளை விசாரித்தவர். 1861ல் பிரைட்டன் பாதையில் 23 பேர் இறந்த கிளேட்டன் சுரங்க விபத்தை விசாரித்ததும் அவரே. 1876 முதல் கிராண்ட் ட்ரங்கின் தலைவர். அவர் காலத்தில் பாதை 1880ல் சிகாகோவை எட்டியது. செயின்ட் கிளேர் ஆற்றின் அடியில் குடைந்த சுரங்கம் 1891ல் திறந்தது. ஆனால் கம்பெனியின் கணக்கு தேறவில்லை. முதலீடு லண்டனில், இயக்குநர்கள் லண்டனில், ரயில்கள் கனடாவில். சாதாரணப் பங்குக்கு ஈவுத்தொகை என்பதையே யாரும் பார்த்ததில்லை. அதற்கு மேலே முதல், இரண்டாம், மூன்றாம் முன்னுரிமைப் பங்குகள், அவற்றுக்கும் மேலே கடன்பத்திரங்கள் என்று அடுக்கடுக்காகக் கைநீட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். 1893ல் அமெரிக்காவில் வந்த நெருக்கடி கடைசி அடி. 1895ல் பங்குதாரர்கள் டைலரை இறக்கிவிட்டு வில்சனைக் கொண்டுவந்தார்கள்.

தண்டவாளம் தெரிந்த அதிகாரியா, கடன் தெரிந்த அதிகாரியா என்றால், 1895ல் கடன் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்தது சரிதான். வில்சனுக்குத் தனக்கு எது தெரியாது என்பது தெரிந்திருந்தது. கனடாவுக்குப் போய் நேரில் பார்த்தார். வாபாஷ் ரயில்வேயில் இருந்த சார்லஸ் மெல்வில் ஹேஸ் என்ற அமெரிக்கரை 1896ல் பொது மேலாளராக அழைத்து வந்தார். லண்டனிலிருந்து கடிதத்தில் ரயில் ஓட்டும் பழக்கம் குறைந்தது. மாண்ட்ரியாலின் விக்டோரியா பாலம் 1897, 98ல் இரட்டைப் பாதையாகத் திருத்திக் கட்டப்பட்டது. நயாகராவில் பழைய தொங்கு பாலத்தின் இடத்தில் எஃகு வளைவுப் பாலம் வந்தது. முன்னுரிமைப் பங்குகளுக்கு மெல்ல மெல்லப் பணம் வரத் தொடங்கியது. 1902க்குள் கம்பெனி எழுந்து நின்றுவிட்டது என்றே சொல்லலாம். அப்புறம்தான் பசிபிக் ஆசை.

ஆசைக்குக் காரணம் இருந்தது. கனடாவின் மேற்குச் சமவெளியில் குடியேற்றம் பொங்கி வந்துகொண்டிருந்தது. கோதுமை விளைச்சல் வருடா வருடம் ஏறியது. அதைச் சுமந்தது கனடியன் பசிபிக் ரயில்வே. அந்தப் பாதையைப் போடும் வாய்ப்பு முன்பு கிராண்ட் ட்ரங்குக்கே வந்தது. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே வெறும் பாறைக்காட்டில் பாதை போடச் சொன்னதால் டைலர் அன்று ஒதுங்கிவிட்டார். கனடியன் பசிபிக் 1885ல் முடிந்து லாபம் பார்த்தபோது, அவர் விட்டது பெரிய தவறு என்று எல்லோரும் பேசினார்கள். 1902ல் கிராண்ட் ட்ரங்கில் இருந்தவர்களுக்கு இந்த நினைவு உறுத்தியிருக்க வேண்டும்.

முதல் வழி, எங்கும் போகாமல் ஒன்டாரியோ, கியூபெக், சிகாகோ என்று இருந்த இடத்திலேயே இருப்பது. இப்போது திரும்பிப் பார்ப்பவர்கள் சுலபமாகச் சொல்லும் பதில் இது. ஆனால் 1902ல் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை. மெக்கன்சி, மான் என்ற இரண்டு ஒப்பந்ததாரர்கள் நடத்திய கனடியன் நார்தர்ன் ரயில்வே வின்னிபெக்கிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரை வரை வந்துவிட்டது. அது இன்னும் கிழக்கே வந்தால் கிராண்ட் ட்ரங்கின் சொந்த ஊர்களிலேயே மூன்றாவது போட்டியாளர். கனடியன் பசிபிக்கோ ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சும்மா இருந்தாலும் வருமானம் கரையும் என்ற பயம் நியாயமானது. ஆனாலும் மெதுவாகக் கரைவதற்கும் ஒரேயடியாக மூழ்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிழக்கின் தொழில் நகரங்களும் சிகாகோ போக்குவரத்தும் கையில் இருந்த கம்பெனி, சும்மா இருந்ததற்காகத் திவாலாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வழி ஹேஸின் சொந்தத் திட்டம். 1902 நவம்பரில் அவர் அறிவித்தது இதைத்தான்: ஒன்டாரியோவின் நார்த் பேயிலிருந்து, தங்கள் பாதை ஏற்கெனவே முடியும் இடத்திலிருந்து, வின்னிபெக் வழியாகப் பசிபிக் வரை. அரசிடம் மானியம் கேட்பார்கள். குளிர்காலத்தில் கோதுமை அமெரிக்கக் கிழக்குக் கரையின் போர்ட்லண்ட் துறைமுகம் வழியாகவே போகும், ஏனென்றால் கிராண்ட் ட்ரங்கின் பழைய கடல்வாசல் அதுதான். வணிகக் கணக்கில் இது உருப்படியான திட்டம். ஆனால் அரசியலில் நிற்காது. வரிப்பணத்தில் மானியம் வாங்கிக்கொண்டு கனடாக் கோதுமையை அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவேன் என்றால் கடலோர மாகாணங்கள் விடுமா? கியூபெக் நகரமும் தன் வழியாகப் பாதை வரவேண்டும் என்று காத்திருந்தது. இந்த வழி பிரதமர் வில்ஃப்ரிட் லாரியேவின் மேசையைத் தாண்டவில்லை.

(எதிர்க்கட்சித் தலைவர் போர்டன், சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே இருக்கும் கனடியன் பசிபிக் பாதையை அரசே வாங்கி எல்லா ரயில்வேயும் ஓட்டிக்கொள்ளட்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அது கிராண்ட் ட்ரங்க் எடுக்கக்கூடிய முடிவு அல்ல என்பதால் இங்கே சேர்க்கவில்லை.)

மூன்றாவது, மெக்கன்சி–மானோடு சேர்வது. இதை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டு கம்பெனிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராண்ட் ட்ரங்குக்குக் கிழக்கு முழுவதும் இருந்தது: நகரங்கள், தொழிற்சாலைகள், துறைமுகம். மேற்கில் ஒரு மைல் கூட இல்லை. கனடியன் நார்தர்னுக்கு மேற்கில் ஆயிரம் மைலுக்கு மேல் பாதை, அதுவும் ஊர் ஊராகக் கோதுமையைச் சேகரிக்கும் கிளைப் பாதைகள், கிழக்கில் ஒன்றுமில்லை. ரயில்வேயில் பிரதான பாதை மட்டும் சம்பாதிப்பதில்லை. கிளைப் பாதைகள் கொண்டுவந்து சேர்த்தால்தான் பிரதான பாதையில் ஓட்டுவதற்குச் சரக்கே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நடுவில் சுப்பீரியர் ஏரிப் பகுதியை மட்டும் இணைத்தால் போதும். லாரியேவும் இரு தரப்பையும் சேர்த்து வைக்க முயன்றார். பேச்சுவார்த்தை நடந்தது, உடைந்தது. கிராண்ட் ட்ரங்க் விலைக்கு வாங்க நினைத்தது. மெக்கன்சியும் மானும் விற்க விரும்பவில்லை, சம பங்காளிகளாக வர விரும்பினார்கள். கையில் பணமில்லாமல், மாகாண அரசுகளின் உத்தரவாதத்தை வைத்தே ரயில்வே கட்டியவர்கள் அவர்கள். ஐம்பது வருடப் பழமையான லண்டன் கம்பெனிக்கு அவர்கள் துணிச்சல்கார வியாபாரிகளாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

எதிர்வாதமும் இருக்கிறது. அவர்கள் கேட்டிருக்கக்கூடிய விலை அநியாயமாக இருந்திருக்கும். ஏற்கெனவே ஈவுத்தொகை காணாத சாதாரணப் பங்குதாரருக்கு இன்னும் நீர்த்துப்போகும். இரட்டை நிர்வாகம் சண்டையில் முடியலாம். எல்லாம் சரி. ஆனால் வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டுமே. அதே 1903ல் லாரியே அரசு கனடியன் நார்தர்னுக்கும் மைலுக்கு 13,000 டாலர் வரை கடன்பத்திர உத்தரவாதம் கொடுத்தது. அதாவது, இவர்கள் சேராவிட்டாலும் அவர்கள் நிற்கப் போவதில்லை என்பது அன்றே கண்ணுக்குத் தெரிந்த விஷயம். மேற்கில் ஏற்கெனவே ஒன்றுக்கு எதிராக ஒன்று. இப்போது இரண்டுக்கு எதிராக மூன்றாவது பாதை, அதுவும் கிளைகள் இல்லாமல். எவ்வளவு அநியாய விலையும் இதைவிட மலிவு என்றே நினைக்கிறேன்.

நான்காவதுதான் நடந்தது. லாரியே 1903 ஜூலையில் நாடாளுமன்றத்தில் திட்டத்தை வைத்தார். அவருடைய ரயில்வே அமைச்சர் பிளேரே அதை எதிர்த்துப் பதவி விலகினார். கிழக்கே கடலோர மாகாணத்தில் இருக்கும் மோன்க்டனிலிருந்து கியூபெக் வழியாக வின்னிபெக் வரை, ஏறத்தாழ 1,800 மைல், அரசே கட்டும். கட்டி முடித்ததும் கிராண்ட் ட்ரங்க் பசிபிக் என்ற புதிய துணைக் கம்பெனிக்கு 50 வருடக் குத்தகை. முதல் ஏழு வருடம் வாடகை இல்லை. அப்புறம் கட்டுமானச் செலவில் வருடம் மூன்று சதவீதம். வின்னிபெக்கிலிருந்து பசிபிக் வரை, ஏறத்தாழ 1,750 மைல், துணைக் கம்பெனி கட்டும். அதற்கான கடன்பத்திரங்களில் முக்கால் பங்குக்கு, சமவெளியில் மைலுக்கு 13,000 டாலர் வரை, அரசு உத்தரவாதம். மீதிக்குத் தாய்க் கம்பெனியான கிராண்ட் ட்ரங்க் உத்தரவாதம்.

தேசியக் கடன் அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவர் கண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மிக நன்றாக இருந்திருக்கும். அரசு உத்தரவாதம் உள்ள கடன்பத்திரம் லண்டன் சந்தையில் குறைந்த வட்டிக்கு விற்கும். முதலீடு கிடைப்பதில் சிக்கலே இல்லை. ஏழு வருடம் வாடகையும் இல்லை. இரண்டாவது வழியைவிடக் கிழக்குப் பகுதியின் கட்டுமானச் சுமை தலையில் இல்லை. மூன்றாவது வழியைவிட, நம்பிக்கையில்லாத பங்காளிகள் இல்லை.

ஆனால் உத்தரவாதம் யாரைக் காப்பாற்றுகிறது? கடன்பத்திரம் வாங்கியவரை. கம்பெனியை அல்ல. இந்திய ரயில்வே வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். சென்னை ரயில்வே உட்பட அன்றைய இந்தியக் கம்பெனிகளுக்கு ஐந்து சதவீதம் வரை அரசு உத்தரவாதம் தந்தது பங்கு முதலீட்டுக்கே. ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் லண்டன் பங்குதாரருக்கு இந்திய வரிப்பணத்திலிருந்து வருமானம் போய்ச் சேர்ந்தது. நமக்கு அது கொள்ளை. அவர்களுக்கு அது உண்மையான பாதுகாப்பு. கனடாவில் கொடுத்தது அது இல்லை. அங்கே வட்டியை முதலில் கட்டவேண்டியது கம்பெனி. கட்ட முடியாமல் போனால் அரசு கட்டும், பிறகு கம்பெனியைப் பிடிக்கும். உத்தரவாதத்தால் கடன் மலிவாகக் கிடைத்தது, அதனாலேயே நிறைய வாங்க முடிந்தது.

கிழக்குப் பகுதியின் வாடகை இன்னும் ஆபத்தானது. 1903ல் அரசு சொன்ன மதிப்பீடு ஆறு கோடி டாலரைச் சற்றுத் தாண்டியது. மூன்று சதவீதம் என்றால் வருடத்துக்கு 18 லட்சம் டாலர் போல. கடைசியில் ஆன செலவு 16 கோடி டாலர் அளவில். அப்படியானால் வாடகை 48 லட்சம். செலவு செய்பவர் அரசு ஆணையம், அதற்கேற்ற வாடகை கட்டுபவர் கம்பெனி. கியூபெக் பாலம் ஒன்றை மட்டும் பாருங்கள்: 1907ல் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள், 1916ல் நடுப்பகுதி மறுபடியும் ஆற்றில் விழுந்து 13 பேர். 1917ல்தான் ரயில் ஓடியது.

மேற்கே ஹேஸ் தரத்தில் கை வைக்கவில்லை. ராக்கி மலையைக் கடக்கும் யெல்லோஹெட் கணவாயின் உயரம் 3,700 அடிதான். ஏற்றம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள், அதாவது நூறு அடிக்கு அரை அடி உயர்வுக்குள். கனடியன் பசிபிக்கின் ராக்கி மலை ஏற்றம் அப்போது நாலரை சதவீதம். பொறியாளர் பார்வையில் கிராண்ட் ட்ரங்க் பசிபிக் அழகான பாதை, அதை மறுக்க முடியாது. கடைசி நிலையமாக பிரின்ஸ் ரூபர்ட் என்று ஒரு புதிய துறைமுக ஊரையே உண்டாக்கினார்கள். வான்கூவரைவிட ஆசியாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்றார்கள். ஆனால் சரக்கு தூரத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை; வியாபாரிகளும் கப்பல்களும் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்குத்தான் போகும். 1912ல் லண்டனிலிருந்து திரும்பும்போது ஹேஸ் டைட்டானிக்கில் இறந்தார். 1914 ஏப்ரலில் பாதை முடிந்தது. நான்கு மாதத்தில் போர் வந்து லண்டன் பணச்சந்தை மூடிக்கொண்டது.

போரை 1903ல் யாரும் கணித்திருக்க முடியாது என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் போருக்கு முன்பே கணக்கு உதைத்தது. யெல்லோஹெட் கணவாயில் கிராண்ட் ட்ரங்க் பசிபிக்கும் கனடியன் நார்தர்னும் பக்கம் பக்கமாக ஓடின. போர்க்காலத்தில் நூறு மைலுக்கும் மேல் ஒன்றின் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள், ரயில் போக்குவரத்து கெடவே இல்லை. அந்த அளவுக்கு இரண்டில் ஒன்று தேவையில்லாமல் இருந்தது. 1915ல் கிழக்குப் பகுதி குத்தகைக்குத் தயாரானபோது கம்பெனி ஏற்க மறுத்தது. 1919ல் கிராண்ட் ட்ரங்க் பசிபிக் வட்டி கட்ட முடியாமல் அரசின் கைக்குப் போனது. துணைக் கம்பெனிக்குக் கொடுத்த உத்தரவாதம் தாய்க் கம்பெனியையும் இழுத்தது. 1921ல் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து, முன்னுரிமைப் பங்குகளுக்கும் சாதாரணப் பங்குகளுக்கும் மதிப்பு ஒன்றுமில்லை என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள். மறுத்து எழுதிய ஒரே நடுவர், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட். 1923ல் கிராண்ட் ட்ரங்க், கனடியன் நார்தர்னோடு கனேடிய தேசிய ரயில்வேக்குள் கரைந்தது. அதாவது, மூன்றாவது வழியையே கடைசியில் அரசு செய்தது, இருபது வருடம் தாமதமாக, கிராண்ட் ட்ரங்கின் பங்குகள் குப்பையான பிறகு.

வில்சன் இதைப் பார்க்கவில்லை. 1909ல் ஓய்வு பெற்று, 1916ல் இறந்தார். திட்டம் ஹேஸுடையது, அவருடையது அல்ல என்று அவருக்காக வாதாடலாம். பாதையின் ஏற்றம் எவ்வளவு, மேற்கில் எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்பதில் ஹேஸை நம்பியதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். அதற்காகத்தானே அழைத்து வந்தார். ஆனால் ஒப்பந்தத்தின் நிதிப் பகுதி அவருடைய துறை. 1904ல் கம்பெனியின் வேண்டுகோளுக்காகவே ஒப்பந்தத்தைத் திறந்து திருத்தினார்கள். மலைப் பகுதிக்கான உத்தரவாத வரம்பு தளர்ந்தது; கட்டி முடிக்கும் காலக்கெடு நீண்டது. லண்டன் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடன் கொடுப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உத்தரவாதம் கேட்டு வாங்கிய அந்தத் திருத்தத்தில், கிழக்குப் பகுதி வாடகைக்கு ஓர் உச்சவரம்பு இல்லை. மூன்று சதவீதம் அப்படியே நின்றது, செலவு எவ்வளவு ஆனாலும்.